இன்றைய வெப்பம் உபயம்

சிந்தாமணிப்பேட்டை ஓதுவார் தெருவில் பர்னபாஸ் கிரில் சிக்கன் கடை திறந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு, எதிர்வீட்டுச் சங்கரநயினாரின் கூடத்துச் சுவர் உட்பக்கமாகச் சுட ஆரம்பித்தது. வெளிப்பக்கம், அதாவது தெருவையும் கடையையும் பார்த்துக்கொண்டிருந்த பக்கம், எப்போதும்போலக் குளிர்ந்தே இருந்தது. நடுவில் இருந்த இருபதடித் தெருவில் ஸ்கூட்டர்களும் தயிர்க்காரியும் கோயில் மாடும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள், ஒருவர் மேலும் சூடு படவில்லை. வீட்டுக்குள்ளே மட்டும், காலண்டர் ஆணியிலிருந்து சுவிட்சுப் பெட்டி வரைக்கும், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு, லேசாகக் காய்ச்சல் கண்ட ஒருவரின் முதுகைத் தொட்டதுபோல ஒரு வெதுவெதுப்பு.

அதை முதலில் கண்டது சங்கரநயினாரின் தங்கை ஆவுடையம்மாள். நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை பார்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் காப்பி டம்ளரைப் பிடித்தபடியே வலது கை விளங்காமல் போய், ஐந்து விரல்களும் உள்ளே மடங்கிக்கொண்டன. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவரும் மனைவியை இழந்தவருமான அண்ணன், இடது கையால் சாப்பிடுவது அந்த வீட்டில் ஆகாது என்பதால், மூன்று வேளையும் சோற்றைப் பிசைந்து தங்கைக்கு ஊட்டிவிட்டார். அன்பாகத்தான் ஊட்டினார். எந்தக் குழம்பு, எத்தனை கவளம், எந்தக் கவளத்துக்குப் பிறகு தண்ணீர் என்பதையெல்லாம் அவரே தீர்மானித்தார். ஆவுடையம்மாளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: மோர்ச்சோற்றைத் தன் கையாலேயே அள்ளி, நடுநடுவே ஊறுகாயை விரலால் தொட்டு, தன் வேகத்தில் சாப்பிட்டு முடிக்கவேண்டும்.

ஓதுவார் தெருவில் அதற்குமுன் இறைச்சிக் கடை இருந்ததில்லை. முட்டை வந்ததுண்டு, ஆனால் மருந்துக்கடைப் பையில்தான் வரும். சென்னையில் இருந்த கட்டிடக்காரர் யாரையும் கேட்காமல் போனிலேயே கடையை வாடகைக்கு விட்டுவிட, பஹ்ரைனில் பதினோரு வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டு ஊர் திரும்பியிருந்த நாசரேத்துக்காரர் பர்னபாஸ், மனைவி ஜெபக்கனியோடும் ஆள் உயர எஃகு இயந்திரம் ஒன்றோடும் வந்து இறங்கினார். தெரு நலச் சங்கத் தலைவர் என்ற முறையில் சங்கரநயினார் அன்றைக்கே போய் விசாரித்தார்.

“தெருவெல்லாம் புகை அடைக்குமே.”

“அடைக்காது அண்ணாச்சி. இதுல தீயே வெளிய தெரியாது. காஸ் இந்தப் பீங்கான் தட்டுக்குள்ளயே எரிஞ்சிரும். தட்டு செவந்துபோவும், அந்தச் செவப்புதான் கோழியச் சுடுது. வெயில் நம்ம மேல படுதுல்லா, அது மாதிரி. கண்ணுக்குத் தெரியாத சூடு. நேராப் போயி எதிர்ல என்ன இருக்கோ அதுல நிக்கும்.”

“எதிரில் எங்கள் வீடு இருக்கிறது.”

“அதுக்கு முன்னாடி கோழி இருக்குல்லா அண்ணாச்சி,” என்றார் பர்னபாஸ்.

அது நடந்த மூன்றாம் நாள்தான் சுவர் சுட்டது. ஆவுடையம்மாள் யாரிடமும் சொல்லாமல் சாயங்காலம்தோறும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வலது தோளையும் கையையும் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள், அண்ணன் செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்த நேரத்தில், அவளுடைய சுண்டுவிரல் பூட்டுத் திறந்ததுபோல ஒரு சத்தத்தோடு நிமிர்ந்தது.

சங்கரநயினார் பதறவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தார், மின்கசிவு என்று முடிவு செய்தார், எலக்ட்ரீஷியன் பிச்சுமணியை வரச் சொன்னார். பிச்சுமணி டெஸ்டரை அங்குமிங்கும் வைத்துப் பார்த்துவிட்டு கரண்டெல்லாம் இல்லை என்றார், அப்புறம் முதுகைச் சுவரில் சாய்த்தார், சாய்த்தவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார். கூலி வாங்காமல் போனார். மறுநாள் கூப்பிடாமலே வந்தார், கூடவே அவருடைய மாமியாரும் வந்தார்.

அதன்பிறகு நடந்ததை அந்தத் தெருவில் யாரும் அதிசயமாகப் பேசவில்லை, ஒழுங்குபடுத்த வேண்டிய காரியமாகத்தான் பேசினார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு வரிசை, இடுப்பு வலிக்காரர்களுக்கு ஒரு வரிசை, செருப்பு விட ஒரு கோணிச்சாக்கு, ஒருவர் சாய இருபது நிமிஷம். சுவருக்கு அடியில் ஒரு சித்தர் இருக்கிறார் என்றார் ஜோசியர். நிலத்தடியில் கந்தக ஊற்று இருக்கலாம் என்றார் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர், சொல்லிவிட்டு அவரும் தோளைச் சாய்த்தார். சுவர் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூடேறி இரவு பத்து மணிக்கு ஆறியது, பர்னபாஸ் ஐந்து மணிக்குப் பற்றவைத்துப் பத்து மணிக்கு அணைத்தார், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கோயிலுக்குப் போய்விட்டு மதியமே கடை திறந்தால் சுவரும் மதியமே சுட்டது. எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது, ஆகவே யாரும் இதைச் சொல்லவில்லை.

ஆவுடையம்மாள் மட்டும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

“அண்ணே, சூடு ஒரே சீரா இல்ல. வருது, போவுது, திரும்ப வருது. அங்க கம்பி சுத்துத மாதிரியே வருது. ஒவ்வொரு கோழியும் எனக்குத் தனியாத் தெரியுது. நேத்து சின்னச் சின்னதா இருந்தது, இன்னைக்கு ஒண்ணு நல்லாக் கொழுத்தது—”

சங்கரநயினார் அவள் வாயில் ஒரு கவளத்தை வைத்தார். வழக்கத்தைவிடப் பெரிய கவளம். அவள் மென்று முடிப்பதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

சுவருக்குச் சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, வாழைக்கன்று கட்டினார்கள். கூட்டம் பெருகவும் ஓர் அறிவிப்புப் பலகை தேவைப்பட்டது. சங்கரநயினார் தன் அழகான கையெழுத்தில் எழுதி மாட்டினார்: அசைவம் உண்டவர்கள் சுவரில் சாய வேண்டாம். மசாலா அரைத்து அரைத்து இடுப்பு விட்டுப்போயிருந்த ஜெபக்கனி, தெருவைத் தாண்டி வந்து, அந்தப் பலகையை வாசித்துவிட்டு, திரும்பிப் போனாள்.

சுவர் புனிதமாகிவிட்ட பிறகு, அதற்கு நேர் எதிரில் உரித்த கோழி தொங்குவது பார்ப்பவர்களுக்கு உறுத்தியது. வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். சங்கத்தில் பேசினார்கள், ஐந்து பேர் சட்டைக்கு மேல் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, ஒரு தட்டில் பழங்களோடு, தெருவைத் தாண்டிப் போனார்கள்.

“உங்களைப் போகச் சொல்ல வரவில்லை,” என்றார் சங்கரநயினார். “நீங்கள் நல்ல மனுஷர். கடை இருக்கட்டும். கோழி மட்டும் வேண்டாமே.”

பர்னபாஸ் பதினோரு வருஷம் அடுத்தவன் ஊரில் தலை குனிந்து பழகியவர். இயந்திரத்தைப் பார்த்தார், தட்டில் இருந்த பழங்களைப் பார்த்தார்.

“வேற என்னத்தச் சுட அண்ணாச்சி?”

“பன்னீர் இருக்கிறது, காளான் இருக்கிறது, காலிஃபிளவர் இருக்கிறது. நாங்களெல்லாம் வந்து வாங்குவோம்.”

“சரி அண்ணாச்சி. சண்ட எதுக்கு,” என்றார் பர்னபாஸ்.

“பன்னீரத் திங்க இவுக வருவாகளா?” என்று ஜெபக்கனி உள்ளிருந்து கேட்டாள். முதல் நாள் எல்லாரும் வந்தார்கள், ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினார்கள், காரம் கொஞ்சம் தூக்கல் என்றார்கள், அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த முதல் நாள் சாயங்காலமே சுவர் ஆறிவிட்டது.

யாரும் நம்பவில்லை. வரிசையில் நின்று சாய்ந்துவிட்டு, லேசாகச் சுடுகிறமாதிரித்தான் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான்காம் நாள் பிச்சுமணியின் மாமியார் சத்தமாகவே சொல்லிவிட்டார், பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு என்று. யாரோ ரகசியமாகக் கறி தின்றுவிட்டுச் சாய்ந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, வருகிறவர்களை வாயை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். பரிகாரமாகச் சுவருக்குப் பால் அபிஷேகம் செய்தார்கள், சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்து கூடமெல்லாம் எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். ஒரு மண்டலம் விரதமிருக்க ஏற்பாடாயிற்று. அதற்குள் முழங்கால்கள் பழையபடி மடங்க மறுத்தன, இடுப்புகள் பழையபடி பிடித்துக்கொண்டன. ஆவுடையம்மாளுக்கு அதுவரை மூன்று விரல்கள் நிமிர்ந்திருந்தன. சுவர் ஆறிய எட்டாம் நாள் மோதிர விரல் திரும்ப மடங்கியது, பத்தாம் நாள் நடுவிரல்.

பதினோராம் நாள் மதியம், அண்ணன் கண்ணயர்ந்திருந்தபோது, ஆவுடையம்மாள் தெருவைத் தாண்டினாள். கை விழுந்ததிலிருந்து அவள் தனியாக வாசற்படி இறங்கியது அதுதான் முதல் முறை.

கடையில் ஜெபக்கனி காளான் நறுக்கிக்கொண்டிருந்தாள், பர்னபாஸ் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, எனக்கு ஒரு காரியம் செய்யணும்,” என்றாள் ஆவுடையம்மாள். “வெறுமனே பத்தவைங்க. நான் போன்ல சொல்லுதேன்.”

அவள் வீட்டுக்குள் போய்ச் சுவரில் தோளை ஒட்டிக்கொண்டு நின்றாள். பர்னபாஸ் வெறும் இயந்திரத்தைப் பற்றவைத்தார், தட்டுகள் செக்கச்சிவந்தன, சுவரில் ஒன்றுமில்லை. பன்னீரைக் கோத்தார், ஒன்றுமில்லை. காளான், காலிஃபிளவர், அன்னாசிப் பழம், ஜெபக்கனி யோசனை சொல்லி ஒரு முழுச் சேனைக்கிழங்கு, ஒன்றுமில்லை.

“அக்கா, வேற ஒண்ணுதான் பாக்கி,” என்றார் பர்னபாஸ் போனில். “வீட்டுச் சமையலுக்குன்னு வாங்கினது பிரிட்ஜில கெடக்கு. போடவா? அண்ணாச்சி கோவிப்பாரே.”

“அண்ணன் தூங்குதாரு. போடுங்க.”

பர்னபாஸ் மசாலா தடவிய கோழியைக் கம்பியில் ஏற்றி விசையைத் தட்டினார். கோழி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஆவுடையம்மாளின் தோளுக்குப் பின்னால் அந்த வெதுவெதுப்பு வந்தது, போனது, திரும்ப வந்தது. அவள் போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். பர்னபாஸுக்குக் கேட்டது, அவர் கோழி நன்றாகச் சிவக்கும் வரைக்கும் இயந்திரத்தை அணைக்காமல் நின்றார்.

சங்கரநயினார் எழுந்து வந்தபோது தங்கை சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள்.

“தொட்டுப் பாருங்கண்ணே.”

தொட்டார். கையை எடுக்காமல் நின்றார். எதிர்க்கடைப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே எல்லாம் அவருக்குப் புரிந்தது.

“இப்ப என் வாயில வைக்க உங்க கையில சோறு இல்ல,” என்றாள் ஆவுடையம்மாள். “அதனால சொல்லுதேன். கோழிதாண்ணே. முதல் நாள்ல இருந்தே கோழிதான். எனக்குக் கை வேணும்.”

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. தீர்மானம் எழுத இரண்டரை மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் ஒரு சொல் வராமல் எழுதவேண்டியிருந்தது. கடைசியில், ‘எதிர்க்கடையில் முன்போலவே வெப்பம் தொடர ஆவன செய்வது’ என்று ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அதே ஐந்து பேர், அதே அங்கவஸ்திரம், வேறு பழங்கள்.

பர்னபாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“போடுதேன் அண்ணாச்சி. ஆனா தின்ன ஆளு வேணும். பலகைய மாட்டி, வாயை ஊதச் சொல்லி, நம்ம கடைக்கு வந்தவனையெல்லாம் விரட்டியாச்சு. ஆளில்லாமச் சுட்டு நான் குப்பையில போட மாட்டேன். அதுவும் உசுரா இருந்ததுதானே.”

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் உயிரைப் பற்றி இதுவரை அவர்கள்தான் பேசியிருந்தார்கள்.

“ஆஸ்பத்திரி வாசலில்,” என்று சங்கரநயினார் மெல்ல ஆரம்பித்தார், “உள்நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். பசித்தவனுக்குக் கொடுப்பது தர்மம்தானே. என்ன கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயமில்லை.”

“இல்லவேயில்லை,” என்றார்கள் மற்ற நால்வரும்.

“இன்னொண்ணு அண்ணாச்சி. எம் பொண்டாட்டிக்கு இடுப்பு வலி.”

அதை யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார்கள். வீட்டுக்கு வந்து ஆலோசித்தார்கள். பலகையை எடுத்துவிடலாம் என்றாள் ஆவுடையம்மாள், எடுத்தால் இத்தனை நாள் மாட்டியிருந்தது தப்பு என்று ஆகிவிடும் என்றார் பௌதிக ஆசிரியர். ஆகவே பலகையை எடுக்காமல் அதிலேயே கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: ஏழு மணிக்கு மேல் சாயவும். அன்று ஏழு மணிக்கு முதல் ஆளாக ஜெபக்கனி வந்து சாய்ந்தாள், ஆவுடையம்மாள் தன் ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப்பேர் ஓதுவார் தெருக்காரர்களாகவே இருந்தது, ஒருவரையொருவர் பார்க்காமல் சமாளிக்கவேண்டிய விஷயமாகிவிட்டது.

இப்படியாக உபயம் ஆரம்பித்தது. பிறந்தநாள், கல்யாணநாள், பரீட்சையில் பாஸ், முழங்கால் மடங்கிய சந்தோஷம், எதுவானாலும் பர்னபாஸ் கடைக்குப் போன் வந்தது. கோழி என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. “தம்பி, நாளைக்கு எங்க பேரில் ரெண்டு வெப்பம் போட்டுருங்க,” என்பார்கள். வசதி குறைந்தவர்கள் அரை வெப்பம் போட்டார்கள். ஒரு மணிவிழாவுக்கு இருபத்தொரு வெப்பம் போட்டார்கள், அன்று சுவரில் முதுகை வைக்கமுடியவில்லை, துண்டை மடித்து நடுவில் வைத்துச் சாயவேண்டியிருந்தது. கடை வாசலில் ஒரு கரும்பலகை வந்தது. ‘இன்றைய வெப்பம் உபயம்’ என்று மேலே நிரந்தரமாகப் பெயிண்டில் எழுதி, கீழே அன்றன்றைய குடும்பத்தின் பெயரைச் சாக்பீஸில் எழுதினார்கள். பொட்டலங்களை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு சங்கரநயினாருடையது. ஒருவருக்குத் தொடையும் இன்னொருவருக்கு வெறும் முதுகெலும்பும் போவதை அவரால் பொறுக்கமுடியாது, ஆகவே கடையிலேயே தராசைப் போட்டு, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்தார். இடுக்கியால் எடுத்துச் சரிபார்த்தார். “மார்புப் பகுதி உலர்ந்துபோகிறது, முதல் பத்து நிமிஷம் அடுப்பைவிட்டுத் தள்ளி வையுங்கள்,” என்று ஒருநாள் அவர் பர்னபாஸிடம் சொல்ல, பர்னபாஸ் அப்படியே செய்து பார்த்தார், அது சரியாகத்தான் இருந்தது. வாயில் வைக்காமல் இது எப்படித் தெரிந்தது என்று பர்னபாஸ் கேட்கவில்லை.

ஆடி மாதம் ஒரு மதியம் ஆவுடையம்மாளின் கட்டைவிரலும் நிமிர்ந்தது. அன்று தட்டில் மோர்ச்சோறு இருந்தது, அண்ணன் பிசைந்து முதல் கவளத்தை உருட்டியிருந்தார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அள்ளினாள், பாதி சிந்தியது, திரும்ப அள்ளினாள், ஊறுகாயை விரலால் தொட்டுக்கொண்டாள். மிக மெதுவாகச் சாப்பிட்டாள், அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சங்கரநயினார் கையில் உருட்டிய கவளத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். அதைத் தட்டில் வைக்கவும் மனமில்லை, தன் வாயில் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை.

“போதுமா?” என்றார் கடைசியில்.

“தெரியலண்ணே. இன்னும் கொஞ்சம் தின்னு பாத்துச் சொல்லுதேன்,” என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிப் போனார். நடக்கமுடியாத ஒரு கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, எலும்பை நீக்கி, இறைச்சியை நார்நாராகப் பிய்த்து ஊட்டிவிட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தார்.

ஆவுடையம்மாள் சும்மா இருக்கவில்லை, பர்னபாஸ் கடையில் பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள். மடித்து மடித்துக் கட்டுவதால்தான் விரல்கள் இளகின, சுவரெல்லாம் ஒரு காரணமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அவளும் மறுக்கவில்லை. சொல்லிவிட்டு அந்த டாக்டர் கழுத்து வலிக்கு எந்த நேரத்தில் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று விசாரித்தார்.

பிறகு புரட்டாசி பிறந்தது. சிந்தாமணிப்பேட்டையில் பிரியாணிக் கடைகள் ஈயாடின, மீன் மார்க்கெட்டில் நாய்கள் படுத்துத் தூங்கின, வருஷம் முழுக்கக் கறி தின்றவர்கள் கூட எலுமிச்சம்பழச் சோறும் சுண்டலுமாக இருந்தார்கள். ஓதுவார் தெருவில் சங்கம் அவசரமாகக் கூடியது. புரட்டாசி என்பது பொதுவானவர்களுக்கு, ஸ்தலத்துக்கு ஸ்தலம் விதி மாறும் என்று ஜோசியர் கண்டுபிடித்துச் சொன்னார். முதல் சனிக்கிழமைக்கு நாற்பத்திரண்டு வெப்பம் பதிவாகியிருந்தது. ஊரே சைவமாகிவிட்ட அந்த மாதத்தில், சைவத் தெருவில் மட்டும் நான்கு கம்பிகளும் ஓயாமல் சுற்ற, தட்டுகள் மதியத்திலிருந்தே சிவந்திருந்தன.

மதுரையிலிருந்து ஒரு தம்பதி அன்று சுவர் பார்க்க வந்திருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மாலை. கடை வாசலில் தராசின் முன் நின்றிருந்த சங்கரநயினாரைக் கோயில் நிர்வாகி என்று நினைத்துக்கொண்டார் அந்தக் கணவர்.

“ஐயா, புரட்டாசிச் சனிக்கிழமை அதுவுமா, இங்கே போய்க் கோழியா?”

சங்கரநயினார் நிறுத்துக்கொண்டிருந்த பொட்டலத்தை மடித்துத் தங்கையிடம் கொடுத்தார். முகத்தில் கட்டியிருந்த துண்டைக் கழற்றினார்.

“இது எங்கள் தெரு வழக்கம்,” என்றார்.

“எத்தனை காலமா?”

“தொன்றுதொட்டு.”

ஆவுடையம்மாள் பொட்டலத்தைக் கட்டி முடித்து நூலைப் பல்லால் அறுத்தாள். வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தங்கள் பெயரிலும் ஒரு வெப்பம் எழுதிக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். நட்சத்திரம் என்ன என்று கேட்டார் பர்னபாஸ்.